எல்லைத் தண்ணீர்

தீர்த்தகிரி ஆசைப்பட்டு மலையிறங்கியவன் இல்லை. ஆலங்காயம் சந்தைக்குப் புளி மூட்டை சுமந்து வந்தால்கூட, மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஓரமாகக் குந்திக்கொள்வான். விலை பேசுவதெல்லாம் மச்சான் கோவிந்தன்தான். வியாபாரி இவனைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், பதிலுக்கு மச்சான் முகத்தைப் பார்ப்பான். கலியாணமானவன், புளியமரத்து உச்சிக்கிளையில் கையை விட்டுவிட்டு நிற்கிறவன்தான். ஆனால் கீழ்நாட்டுக்காரன் ஒருவன் எதிரே வந்தால் மட்டும் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். தைரியம் எல்லா இடத்துக்கும் ஒன்றுபோல வருவதில்லை. சந்தை முடிந்து மலைப்பாதையில் கால் வைத்த பிறகுதான் அவனுக்குப் பேச்சே வரும்.

எழுபத்தைந்தில் மழை ஏமாற்றியது, அடுத்த வருஷமும் ஏமாற்றியது. மலைமேல் அவன் ஊரான எருக்கம்பட்டில் சாமை கதிர் பிடிக்காமலே கருகிப்போனது. புளி பூவிலேயே கொட்டிவிட்டது. ஊரே கடுக்காய் பொறுக்கக் காட்டுக்குள் போனது. ஊரே பொறுக்கினால் ஆளுக்கு எவ்வளவு தேறும்? ஒருநாள் அவன் பெண்டாட்டி பாஞ்சாலை, விதைக்கென்று கட்டி வைத்திருந்த சாமையை எடுத்து உரலில் போட்டாள். உலக்கைச் சத்தம் கேட்டு வெளியே வந்தவன், பார்த்தான், தடுக்கவில்லை. விதையைக் குத்தித் தின்கிற வீட்டில் அதற்கப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது?

குத்திக்கொண்டே அவள்தான் பேச்சை எடுத்தாள்.

"வாணியம்பாடில தோல் ஷாப்புல ஆள் எடுக்கறாங்களாம். எங்கண்ணன் கேட்டுனு வந்துச்சு. நீ போ."

"தோலா?"

"தோலுதான். நீ இன்னா மாட்டையா அறுக்கப் போற? வந்து கெடக்கறத கழுவப் போற."

"ஊருல இன்னா சொல்லுவாங்க புள்ள?"

"ஊரு நமக்குக் கஞ்சி ஊத்தறதா இருந்தா நீ போவாத. இங்கியே இரு."

ஆனால் அவன் பயந்ததிலும் நியாயம் இருந்தது.

எருக்கம்பட்டில் ஒரு கட்டு உண்டு. மாட்டுத்தோலைத் தொட்டுப் பிழைக்கிறவன் நினைத்தபடி ஊருக்குள் வரக்கூடாது. பாதை திரும்புகிற இடத்தில் ஒரு எல்லைக்கல் இருக்கிறது. அதற்கு அந்தாண்டையே நிற்க வேண்டும். ஊர்க்கவுண்டர் வந்து, வேப்பிலை போட்ட மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றுவார். கட்டியிருந்த துணியை அங்கேயே போட்டுவிட்டு, வீட்டிலிருந்து வரும் வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் உள்ளே கால் வைக்கலாம். ஊற்றுகிற கை கவுண்டருடைய கையாகத்தான் இருக்க வேண்டும், வேறு கை ஊற்றினால் செல்லாது. மீறி நுழைந்தால் நுழைந்தவனுக்கு ஒன்றும் ஆகாதாம். அவன் வீட்டுப் பிள்ளையை அம்மன் கேட்பாளாம். எப்போதோ ஒருவன் அப்படி நுழைந்து, தொட்டிலில் கிடந்த குழந்தை விடிவதற்குள் போய்விட்டது என்று ஒரு கதை இருந்தது. அவன் பெயர் என்ன, எந்த வீட்டுக்காரன் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. கதை மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

இதில் ஒரு கூத்தைச் சொல்ல வேண்டும். ஊரார் பொறுக்கி விற்கிற கடுக்காய் எங்கே போகிறது என்று நினைக்கிறீர்கள்? அதே தோல் ஷாப்புக்குத்தான். தோலைப் பதனிட ஊறவைக்கிற தொட்டியில்தான் அது கரைகிறது. பொறுக்குகிற கைக்குத் தீட்டில்லை, தொட்டியில் கொட்டுகிற கைக்குத் தீட்டு. இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் போய்க் கேட்பது?

ஊர்க்கவுண்டர் மாதையன் கெட்டவர் இல்லை. தீர்த்தகிரி போய்ச் சொன்னபோது கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். "வயித்துக்குப் போறவன நான் இன்னான்னு தடுக்கறது? போய்ட்டு வா. வரும்போது மட்டும் முறையா வா" என்றார்.

வாணியம்பாடியில் முதல் நாள் ஷாப்பு வாசலைத் தாண்டுவதற்குள்ளாகவே துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டான். உப்புப் போட்டு அடுக்கிய பச்சைத்தோல் ஒருபக்கம், சுண்ணாம்புத் தொட்டி ஒருபக்கம். நாற்றம் மூக்கில் நிற்கவில்லை, தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. தொட்டியில் இறங்கி ஒரு தோலைப் பிடித்து இழுத்தான். வழவழவென்று அது கையிலிருந்து நழுவியபோது சுவருக்குப் பின்னால் ஓடிப்போய் வாந்தியெடுத்தான். மற்ற ஆட்கள் சிரித்தார்கள். "மலை வந்துக்கீது, மலை" என்று ஒருத்தன் கத்தினான்.

மேஸ்திரி நசீர் மட்டும் சிரிக்காமல் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"பழகிடும்டா. எனக்கும் மொதல்ல இப்டிதான். இப்ப வூட்ல பிரியாணி செஞ்சாக்கூட வாசனை தெரிய மாட்டேங்குது, எம்பொண்ணு அமீனாவோட அம்மா திட்டறா."

பழகுகிற வரைக்கும் யார் இருப்பது? மூன்றாம் நாள் விடிந்ததும் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டான். கையெல்லாம் சுண்ணாம்பில் வெந்து தோல் உரிந்திருந்தது. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. ஆலங்காயம் பஸ் வந்தது, நின்றது, கிளம்பியது. அவன் ஏறவில்லை. ஏறினால் வீட்டில் என்ன இருக்கிறது? அந்த உலக்கைச் சத்தம்தான் இருக்கிறது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஷாப்புக்கே திரும்பினான். நசீர் பார்த்தும் பார்க்காததுபோல, "போ, அந்தத் தொட்டியப் பாரு" என்றார்.

அப்படித்தான் ஒட்டிக்கொண்டான். ஒரு வருஷம் போனது. கையில் காப்புக் காய்த்தது. எந்தத் தோல் எத்தனை நாள் ஊற வேண்டும் என்று தொட்டுச் சொல்லப் பழகினான். கடைத்தெருவில் நின்று பேரம் பேசினான். டீக்கடை பெஞ்சில் நடுவில் உட்கார்ந்து, "பாய், ஸ்ட்ராங்கா ஒண்ணு" என்று குரல் கொடுத்தான். நாலைந்து உருதுச் சொல்கூட வாயில் வந்தது. சந்தையில் மச்சான் முதுகுக்குப் பின்னால் குந்தியிருந்தவனா இவன் என்று கோவிந்தனே ஒருநாள் வாயைப் பிளந்தான்.

ஆனால் மலையேறினால் எல்லைக்கல்லுக்கு அந்தாண்டையே நின்றுவிடுவான். மழையானாலும் நிற்பான், வெயிலானாலும் நிற்பான். குரல் கொடுத்து, மாதையன் சாவகாசமாகச் சாப்பிட்டு முடித்து வரும் வரைக்கும் காத்திருப்பான். "இவன்தான்டா முறை தெரிஞ்சவன்" என்று அவர் நாலு பேர் முன்னால் சொல்லும்போது தலையிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்டச் சிரிப்பான். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. கீழே பிழைக்கவும் வேண்டும், மேலே நல்லபேரும் வேண்டும். அதற்காக அவனைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்த ஊரை விட்டால் அவனுக்கு வேறு ஊர் ஏது?

அந்த வருஷக் கடைசியில் மங்கம்மாள் பிறந்தாள். மங்கா என்று கூப்பிட்டார்கள். நடக்க ஆரம்பித்த பிறகு, அப்பன் தலையில் தண்ணீர் ஊற்றுவதை வேடிக்கை பார்க்க அவள்தான் முதல் ஆளாக வந்து நிற்பாள். அவளுக்கு அது ஒரு விளையாட்டு. ஊற்றி முடித்ததும் தத்தித் தத்தி வந்து ஈரத்தோடு அவன் காலைக் கட்டிக்கொள்வாள்.

எழுபத்தொன்பது பங்குனியில் ஒருநாள் காலை, கடுக்காய் லோடு இறக்க வந்த லாரியில் கோவிந்தனும் வந்து இறங்கினான். முகமே சரியில்லை.

"மங்காவுக்கு மணல்வாரி போட்டுக்கீது மாப்ள. எறங்கிடும்னுதான் இருந்தோம். அம்மையும் எறங்கிச்சு. ஆனா இப்ப மூச்சு வாங்குது. பால் குடிக்க மாட்டேங்குது."

தீர்த்தகிரி தொட்டியை விட்டு ஏறினான். நசீர்தான் பக்கத்தில் வந்தார்.

"நம்ம அமீனாவுக்கும் இதேதான் ஆச்சு. அம்மை எறங்கி நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு. ஆஸ்பத்திரில ஊசி போட்டுத்தான் பொழச்சா. இன்னிக்கே கொண்டாந்துடு. நாளைக்கின்னு வெக்காத. இதே லாரி மேல போவுது, ஏறிக்கோ."

அம்மை போட்ட பிள்ளையை ஊசிக்குத் தூக்கிப் போவது அன்றைக்கு எருக்கம்பட்டில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். அதற்கே தீர்த்தகிரி ஒரு நொடியில் துணிந்துவிட்டான். இதை மறந்துவிடாதீர்கள். அவன் கோழை இல்லை.

உச்சிவேளைக்கு லாரி மலை ரோட்டில், ஊருக்கு ஏறும் ஒற்றையடிப் பாதைக்குக் கீழே நின்றது. "லோடு ஏத்தினு இங்கியே நிக்கறேன். பொழுது சாயறதுக்குள்ள எறங்கணும், சீக்கிரம் வா" என்றான் டிரைவர். மச்சானும் மாப்பிள்ளையும் ஓட்டமும் நடையுமாக ஏறினார்கள். எல்லைக்கல் வந்ததும் தீர்த்தகிரியின் கால் தானாக நின்றது. கோவிந்தன் உள்ளே ஓடினான். திரும்பி வந்தபோது அவனுக்கு மூச்சிரைத்தது.

"கவுண்டரு இல்ல மாப்ள. பக்கத்து ஊருக்குப் பரிசம் பேசப் போய்ட்டாராம். நான் ஓடிப்போய் இட்டுனு வர்றேன்." இரண்டடி போனவன் நின்றான். "இல்ல... நீ உள்ள போறியா?"

"நீ போ மச்சான். சீக்கிரம்."

கோவிந்தன் ஓடினான்.

எல்லைக்கல்லில் நின்று பார்த்தால் தீர்த்தகிரியின் வீடு தெரியும். கூப்பிட்டால் கேட்கிற தூரம். வாசலில் வேப்பிலை சொருகியிருந்தது. பேச்சுக்குரல் கேட்டு பாஞ்சாலை வெளியே வந்தாள். எத்தனை நாளாகத் தூங்கவில்லையோ, கண் உள்ளே போயிருந்தது. அவனைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"வந்துட்டியா? வா, வந்து தூக்கு. கண்ணு சொருவுது அவளுக்கு."

"லாரி நிக்குது புள்ள. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். கவுண்டரு வந்துடட்டும்."

அவளுக்குப் புரியவில்லை. "கவுண்டரு எதுக்கு?"

"தண்ணி ஊத்தல இன்னும். மச்சான் போயிருக்கான் இட்டுனு வர."

"யோவ், மூச்சு வாங்குதுய்யா அவளுக்கு!"

"அதுக்குத்தான் சொல்றேன். காலைல வரைக்கும் தோல் தொட்டில நின்னவன் நான். இந்தக் கையோட வந்து தொட்டா அவளுக்கு ஆவுமா? நீயே சொல்லு."

அவளும் அந்த ஊர்க்காரிதான், அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள்தான். வாயைத் திறந்தாள், மூடினாள், திரும்பி வீட்டுக்கு ஓடினாள். அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் வாசலில் நின்று, "இருடா, வந்துடுவாரு" என்றார்கள். அம்மை கண்ட வீடு என்று அவர்களும் கிட்டே போகவில்லை.

அவன் காத்திருந்தான். தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. தன்னால்தான் பிள்ளை போகும் என்று நம்புகிறவனிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். உட்கார்ந்தான், எழுந்தான், கல்லுக்கு வெளிப்பக்கமே நடந்தான். அவன் நிழல் நீண்டு கல்லைத் தாண்டி ஊருக்குள் விழுந்தது. அதைப் பார்த்துப் பயந்து தள்ளி நின்றான். கீழே இருந்து லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

அந்தச் சத்தத்துக்கு பாஞ்சாலை வெளியே வந்தாள். தோளில் பிள்ளை, மேலே பழம்புடவையைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள். நேரே நடந்து வந்து எல்லைக்கல்லைத் தாண்டினாள்.

"தள்ளு. நானே தூக்கினு போறேன்."

தன் உடம்பு உரசிவிடக்கூடாதே என்று அவன் புதரோரம் ஒதுங்கி வழிவிட்டான்.

அந்த இறக்கத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு எரிகிறது. இரண்டு ஈரத்தோலை ஒன்றாகத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறவன் கையை வீசிக்கொண்டு போகிறான். சோறும் தூக்கமும் இல்லாத பொம்பிளை பிள்ளையைச் சுமந்துகொண்டு வருகிறாள். அவன் முன்னால் ஓடுவான், நின்று திரும்பிப் பார்ப்பான். குறுக்கே நீட்டியிருந்த முள்கிளையைப் பிடித்து ஒதுக்கினான். தான் தொட்ட கிளை பிள்ளைமேல் பட்டுவிடுமோ என்று பயந்து, அவள் தாண்டுகிற வரைக்கும் அதை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளங்கையில் முள் ஏறியது. ஓரிடத்தில் சரளை வழுக்கி அவள் முழங்காலில் விழுந்தாள். பாய்ந்து போய் இரண்டு கையையும் நீட்டினான். நீட்டிய கையை அப்படியே இழுத்துக்கொண்டான்.

அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள்.

"கொஞ்சம் தூக்கிக்கோய்யா. என்னால முடியல."

"இன்னும் கொஞ்ச தூரந்தான் புள்ள. உன்னக் கும்பிடறேன். கொஞ்ச தூரந்தான்."

எழுந்தாள், நடந்தாள். கீழே லாரியின் தலை தெரிகிற திருப்பம் வரைக்கும் நடந்தாள். அங்கே நின்றாள். போர்த்தியிருந்த புடவையை விலக்கிப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். கன்னத்தில் தட்டினாள், வாயருகே காதை வைத்தாள். பிறகு அப்படியே பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"லாரிய போவச் சொல்லு" என்றாள்.

அவன் அப்போதுதான் தொட்டான். இனிமேல் ஆகாமல் போவதற்கு என்ன இருக்கிறது? அவள் மடியிலிருந்து மங்காவை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டான். தினமும் அவன் தூக்குகிற தோலில் கால்வாசி கனம்கூட இல்லை. உடம்பு இன்னும் சுட்டது.

தூக்கிக்கொண்டு மறுபடியும் மலையேறினான். எல்லைக்கல் வந்தபோது ஊர் அங்கே கூடியிருந்தது. கோவிந்தனோடு ஓடிவந்த மாதையன் கையில் மஞ்சள் தண்ணீர்ச் சொம்போடு நின்றார். தீர்த்தகிரி நிற்கவில்லை. ஷாப்பு வேட்டியோடு, ஷாப்பு நாற்றத்தோடு கல்லைத் தாண்டி உள்ளே போனான். மாதையன் ஒதுங்கி வழிவிட்டார். நில்லு என்று ஒருவரும் சொல்லவில்லை. சொம்பிலிருந்த தண்ணீரைப் பற்றி அதற்கப்புறம் யாருக்கும் ஞாபகமே வரவில்லை.

காரியம் முடிந்து அவன் வேலைக்குக் கிளம்பிய அன்று, பாஞ்சாலையும் பாத்திரங்களைத் துணியில் கட்டிக்கொண்டு எழுந்தாள். ஏன், எதற்கு என்று அவன் கேட்கவில்லை. அந்தத் திருப்பத்தைக் கடக்கும்போது மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள்.

"மலைய எறங்கத் தெரிஞ்சிச்சு உனக்கு. வூட்டுக்குள்ள வரத் தெரியல."

அதற்கப்புறம் அவள் அதைப் பேசியதில்லை. வாணியம்பாடியில் ஓட்டுவீடு ஒன்றில் குடியிருந்தார்கள். இரண்டு பையன்கள் பிறந்தார்கள். அவன் உழைப்பாளி, நசீருக்கு வயதானதும் அவனையே மேஸ்திரி ஆக்கினார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு, மலையிலிருந்து வந்து முன்னேறின ஆள். வீட்டுக்குள் வேறு கதை. பையன்களுக்குக் காய்ச்சல் வந்தால் பாஞ்சாலை அவனிடம் சொல்ல மாட்டாள். அவன் பக்கத்திலேயே படுத்திருந்தாலும் எழுப்ப மாட்டாள். தானே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடுவாள். திரும்பி வரும்போது அவன் வாசலில் நின்று கை நீட்டுவான். அவள் பிள்ளையைக் கொடுக்காமல் உள்ளே போவாள். கோபத்தினால் அல்ல, அப்படிப் பழகிவிட்டாள். அதுதான் அவனுக்கு இன்னும் கொடுமையாக இருந்தது.

எண்பதுகள் பாதி போவதற்குள் எருக்கம்பட்டு இளவட்டங்கள் ஒவ்வொருத்தராகத் தோல் ஷாப்புக்கு இறங்கினார்கள். முதலில் வந்தவன் ஊருக்குத் திரும்பும்போது எல்லைக்கல்லில் நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டான். அடுத்தவன் ஒரு பொங்கலுக்குக் கவுண்டரைக் காணோம் என்று தானே ஓடையில் முங்கிவிட்டு உள்ளே போனான். அதற்கடுத்தவன் முங்கக்கூட இல்லை. யாரும் கூடிப் பேசவில்லை, அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. அது பாட்டுக்குப் போய்விட்டது.

எண்பத்தெட்டில் மாதையனே வாணியம்பாடிக்கு வந்தார். கூடவே மகன் அர்ச்சுனன். கிழவருக்குப் பார்வை மங்கியிருந்தது. தீர்த்தகிரி வீட்டில் சாப்பிட்டார், பாஞ்சாலை பரிமாறினாள்.

"இவனையும் உன் ஷாப்புலயே சேத்து வுடுப்பா. காட்ட நம்பி இனிமே ஆவறதில்ல."

"சேத்துக்கலாங்க" என்றான் தீர்த்தகிரி.

கையைக் கழுவிக்கொண்டு வெற்றிலை மடித்தார் மாதையன். அர்ச்சுனன் தெருவை வேடிக்கை பார்க்க வெளியே போனான். ஒன்பது வருஷமாகக் கேட்க நினைத்ததை அப்போதுதான் தீர்த்தகிரி கேட்டான்.

"கவுண்டரே, ஒண்ணு கேக்கறேன். தப்பா நெனைக்காதீங்க. அன்னிக்கு நீங்க இல்லாதப்ப, தண்ணி ஊத்தாமயே நான் வூட்டுக்குள்ள போய்ப் புள்ளயத் தூக்கியிருந்தா, இன்னா பண்ணியிருப்பீங்க?"

மாதையன் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அந்த மனுஷனுக்குக் கள்ளம் தெரியாது.

"இன்னா பண்ணியிருப்போம்... புள்ளைக்கு மூச்சு வாங்குதுன்னு ஓடியாந்தவன? நாலு வார்த்த திட்டியிருப்பேன். சாயங்காலமா ரெண்டு சொம்பு தண்ணி ஊத்தியிருப்பேன். அவ்ளோதான்."

அடுப்படியில் பாஞ்சாலை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கும். தேய்ப்பதை அவள் நிறுத்தவில்லை. அவள் அதை அன்றைக்கே தெரிந்துகொண்டவள்.

ஊரை விட்டே தள்ளியிருப்போம், தண்ணீர் நெருப்பு கொடுத்திருக்க மாட்டோம் என்று கிழவர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு தீர்த்தகிரி மீதிக் காலத்தை ஓட்டியிருப்பான்.